கண்புரைக்கு எந்த லென்ஸ்? காசை எங்கே போடுவது?

கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் ஒரு விலைப்பட்டியலை நீட்டுவார்கள். அடியில் சாதாரண லென்ஸ், அதற்கு மேல் மடக்கு லென்ஸ், அதற்கும் மேல் இறக்குமதி, உச்சியில் 'கண்ணாடியே வேண்டாம்' என்கிற லென்ஸ். விலை படிப்படியாக ஏறுவதைப் பார்த்தால் பார்வையும் அதே படியில் ஏறும் என்று தோன்றும். உண்மையில் பார்வையைத் தீர்மானிப்பதில் முதல் இடம் விழித்திரையின் நலத்துக்கு. அடுத்து, கண்ணை எந்தத் தூரத்துக்குக் குறிவைக்கிறோம் என்பது. மூன்றாவது, கண்ணை எவ்வளவு சரியாக அளந்தார்கள் என்பது. லென்ஸ் எந்தப் பொருளால் ஆனது, அதில் என்னென்ன வசதி என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். பட்டியலில் விலை போட்டிருப்பதோ அந்தக் கடைசி இரண்டுக்கு மட்டும்.

முதல் லென்ஸிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி மனிதக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகளைக் கண் பொறுத்துக்கொண்டதைக் கவனித்து அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார். இன்று பிஎம்எம்ஏ என்று சொல்வது அதைத்தான். பொருள் தேர்வு அபாரம்; இன்றும் அதில் லென்ஸ் செய்கிறார்கள். பவர்தான் படுமோசமாகத் தவறியது. இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். இயற்கை லென்ஸின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.42, பிஎம்எம்ஏவுக்கு 1.49. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் லென்ஸைச் சுற்றியிருக்கும் கண்நீர்மத்தின் எண் 1.336, ஒளியை வளைப்பது அதற்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி. 0.084 ஆக இருந்த இடைவெளி 0.154 ஆனது. பவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி, நோயாளிக்கு மைனஸ் 18 பவரும் அதன்மேல் மைனஸ் 6 சிலிண்டரும் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாக உள்ள பவர்) வந்து சேர்ந்தன.

<b>குறி: எந்தத் தூரம்?</b>

ஒற்றைக் குவிய லென்ஸ் ஒரே ஒரு தூரத்தில்தான் முழுக் கூர்மையாகக் காட்டும். அது எந்தத் தூரம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், எட்டப் பார்வை என்றே வைத்துவிடுவது வழக்கம். கணக்கு எளிது: 1-ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது டயாப்டர், அதுதான் பவரின் அலகு. பூத்தொடுக்க, அரிசியில் கல் பொறுக்க, செல்போன் பார்க்க 40 சென்டிமீட்டர், அதாவது 2.5 டயாப்டர். கணினித் திரைக்கு 66 சென்டிமீட்டர், 1.5 டயாப்டர். கண்ணை மைனஸ் 2.5-இல் நிறுத்தினால் செய்தித்தாளுக்குக் கண்ணாடி வேண்டாம், தெருவுக்கு வேண்டும். பூஜ்யத்தில் நிறுத்தினால் இது தலைகீழாகும்.

இரண்டு கண்ணையும் தூரத்துக்கு வைத்து, படிக்க மட்டும் கண்ணாடி போடுவது பெரும்பாலோருக்குச் சரிவரும். வண்டி ஓட்டுபவர், வயல் வேலை செய்பவர், தினமும் நடைப்பயிற்சி போகிறவர் இந்த வகை. ஆனால் சிறு வயதிலிருந்தே மைனஸ் 3, மைனஸ் 4 பவரோடு வாழ்ந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தே பழகியவர்கள். அவர்கள் கண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்தினால், ஆபரேஷன் பிரமாதமாக முடிந்த மறுநாளே 'முன்னால் படிக்க முடிந்தது, இப்போது முடியவில்லை' என்று வருவார்கள். இவர்களை மைனஸ் 2.5 பக்கமே விட்டுவிடலாம். இப்படி ஒரு வழி இருப்பதைப் பலரிடம் யாரும் சொல்வதே இல்லை.

மூன்றாவது வழி, முன்னிற்கும் கண்ணை, அதாவது பார்க்கும்போது நாம் அதிகம் சார்ந்திருக்கும் கண்ணை, தூரத்துக்கும் மற்றதை மைனஸ் 1 முதல் மைனஸ் 1.5 வரைக்கும் வைப்பது. கடைக்குப் போக, சமைக்க, போன் எண் பார்க்க இது போதும். பொடி எழுத்துக்குத்தான் கண்ணாடி தேடவேண்டும். விலை கூடுதல் ஒரு ரூபாய்கூட இல்லை, அதே சாதாரண லென்ஸ்தான். ஆனால் ஆழம் கணிக்கும் திறன் கொஞ்சம் குறையும், எல்லோருக்கும் ஒத்துவராது. புரை அதிகம் முற்றாதவர்கள் காண்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் ஒத்திகை பார்க்கலாம்.

எது குறியாக இருந்தாலும், தூரத்துக்கு வைக்கும் கண்ணைக்கூட நேர் பூஜ்யத்துக்குக் குறிவைக்காமல் மைனஸ் 0.25 பக்கம் சாய்த்து வைப்பது நல்ல வழக்கம். கணிப்பு மைனஸ் பக்கம் தவறினால் ஏதோ ஒரு தூரமாவது தெளிவாக இருக்கும். பிளஸ் பக்கம் தவறினால் எந்தத் தூரமும் கூர்மையாக இராது.

<b>அளவு: இங்கேதான் கண்ணாடி தீர்மானமாகிறது</b>

லென்ஸின் பவரைக் கண்டுபிடிப்பது ஒரு புள்ளியியல் கணிப்பு. 1980 வாக்கில் சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் மூவரும் பழைய ஆபரேஷன்களின் முடிவுகளை வைத்து ஒரு கோடு பொருத்தினார்கள்: பவர் = ஏ எண் − 2.5 × கண்ணின் நீளம் − 0.9 × கருவிழியின் வளைவுப் பவர். ஏ எண் என்பது ஒவ்வொரு லென்ஸ் மாடலுக்கும் உரிய எண்; கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தை. ஒரு கண்ணை எடுத்துக்கொள்வோம். நீளம் 23.40 மில்லிமீட்டர், கருவிழி 44.00 டயாப்டர், லென்ஸின் ஏ எண் 118.4. 118.4-இல் 58.5-ஐயும் 39.6-ஐயும் கழித்தால் 20.3. எனவே 20.5 பவர் லென்ஸை எடுப்பார்கள்.

இதே கண்ணை அழுத்தி அளந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒலி அலையால் கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ ஸ்கேன் குச்சியை நேராகக் கருவிழியில் தொட்டு வைக்கும்போது கை சற்றுக் கனமானால் கண் அமுங்கும். 0.2 மில்லிமீட்டர் அமுங்கினால் நீளம் 23.20 என்று வரும், பவர் 20.8 ஆகும். தேவைக்கு மேல் அரை டயாப்டர், கண் மைனஸ் பக்கம் சாயும். ஏ ஸ்கேனிலேயே, கண்மேல் சிறு கிண்ணம் வைத்து நீர் நிரப்பி அளக்கும் முறையில் இந்த அமுக்கம் கிடையாது. ஒளியால் அளக்கும் கருவி கண்ணைத் தொடுவதே இல்லை. 1999-இல் வந்த ஐஓஎல்மாஸ்டர் அந்த வகையில் முதல். அதன் குறை, புரை வெள்ளையாக முற்றிப்போனால் ஒளி விழித்திரை வரை போய்த் திரும்பாது. அப்போது ஏ ஸ்கேன்தான் கதி. நீர்க்கிண்ண முறையில் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல் ஏ எண்ணில். பெட்டியில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் ஒலி ஸ்கேனுக்கானது. ஒளிக்கருவி கண்ணைக் கொஞ்சம் நீளமாகவே காட்டும், அது விழித்திரையின் அடி அடுக்கு வரை அளப்பதால். அதனால் ஏ எண்ணையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். பெட்டி எண்ணையே ஒளிக்கருவியில் போட்டுவிட்டால் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே திசையில் பிழை வரும். கணிப்பில் சிதறல் இருந்தால் குறைப்பது கடினம். ஒரே பக்கச் சாய்வைத் திருத்துவது சுலபம். தம் பழைய நோயாளிகளின் முடிவுகளை எடுத்து ஏ எண்ணைத் திருத்திக்கொள்ளும் மருத்துவமனையை நம்பலாம்.

அந்த முதல் சூத்திரத்தை இன்று பயன்படுத்தக் கூடாது. நடுத்தர நீளக் கண்ணுக்கு ஓடும், 22 மில்லிமீட்டருக்குக் கீழும் 26-க்கு மேலும் தடுமாறும். பின்னால் வந்த எஸ்ஆர்கே/டி, ஹாலடே போன்றவைகூட மிக நீளமான கண்ணைப் பிளஸ் பக்கம் தள்ளிவிடும். பாரட் யுனிவர்சல் 2, கேன், ஹில் ஆர்பிஎஃப் ஆகியவை இவற்றைவிட நன்றாக ஓடுகின்றன. இவற்றை இணையத்தில் இலவசமாகவே பயன்படுத்தலாம். நல்ல சூத்திரத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் தொடர்பே இல்லை.

அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஏன் தவறுகிறது? நோர்பி என்ற ஆய்வாளர் 2008-இல் பிழையின் மூலங்களைப் பிரித்துப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பின் புது லென்ஸ், இயற்கை லென்ஸ் இருந்த உறைக்குள் எவ்வளவு ஆழத்தில் போய் உட்காரும் என்று கணிப்பதில் 35 சதவீதம், பிறகு கண்ணாடிப் பவர் பரிசோதிப்பதில் 27, கண் நீள அளவில் 17. முதலாவதை யாராலும் நேரே அளக்க முடியாது. உறை சுருங்கும்போது லென்ஸ் நகர்வது அந்தந்தக் கண்ணின் குணம். அதனால்தான் முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது. 2009-இல் பிரிட்டனில் முன்வைத்த அளவுகோல்: 55 சதவீதம் பேர் குறியிலிருந்து அரை டயாப்டருக்குள், 85 சதவீதம் பேர் 1 டயாப்டருக்குள். ஒளிக்கருவியும் புதுச் சூத்திரமும் சேர்ந்தால் நான்கில் மூன்று பேர் அரை டயாப்டருக்குள் வருகிறார்கள். 'உங்களிடம் அரை டயாப்டருக்குள் எத்தனை சதவீதம்?' என்று கேட்டுப்பாருங்கள். லென்ஸின் கம்பெனிப் பெயரைவிட இந்தப் பதில் அதிகம் சொல்லும்.

நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. மென் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் அளவுக்கு ஒரு வாரம் முன்பே கழற்ற வேண்டும். கடின லென்ஸ் என்றால் மூன்று வாரமாவது. கண் உலர்ந்திருந்தால் கருவிழி அளவு ஒவ்வொரு முறையும் மாறும். சொட்டு மருந்தில் சரிசெய்துவிட்டு அளக்க வேண்டும். கண்ணழுத்தம் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கருவிழி அளவு எடுத்தாக வேண்டும். லேசிக் செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பழைய பவர் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. மைனஸ் பவருக்காக லேசிக் செய்த கருவிழியின் பவரைக் கருவி கூட்டிக் காட்டும். வழக்கமான சூத்திரத்தில் போட்டால் கண் பிளஸ் பக்கம் போய் நிற்கும். இரண்டு கண்ணின் நீளத்துக்குள் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். நிஜமாகவே வித்தியாசம் இருக்கலாம். இல்லையென்றால் அளவில் பிழை.

<b>பொருள்: மூன்று பிளாஸ்டிக்</b>

பிஎம்எம்ஏ மடங்காது. 6 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அந்த அளவுக்கு வழி வேண்டும். ஒளியைத் தெளிவாகக் கடத்தும், கலங்காது, மலிவு. பழைய லென்ஸ்களின் விளிம்பு உருண்டையாக இருந்ததால், மீந்திருக்கும் லென்ஸ் செல்கள் அதைத் தாண்டிப் பின்னுறைமேல் பரவி மறுபடி மங்கச் செய்தன. 'புரை திரும்ப வளர்ந்துவிட்டது' என்று ஊரில் சொல்வது இதைத்தான். யாக் லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். விளிம்பைச் சதுரமாக வெட்டினால் செல்கள் அந்த முனையில் தடைபடுகின்றன. எனவே மலிவு லென்ஸே எடுத்தாலும் 'முழுச்சுற்றும் சதுர விளிம்பா?' என்று கேட்டுவிடுங்கள்.

மடக்கு லென்ஸில் இரண்டு வகை அக்ரிலிக். பெட்டியில் ஹைட்ரோபோபிக் என்று இருந்தால் நீரை ஒட்டவிடாத வகை. ஹைட்ரோபிலிக் என்றால் நீரை உறிஞ்சி வைத்திருப்பது, ஏறத்தாழ கால் பங்கு நீர். முதல் வகையில் பின்னுறை மங்கல் குறைவு. குளிர்ந்த ஆபரேஷன் அறையில் விறைப்பாக இருந்து, கண்ணின் சூட்டில் மெல்ல விரியும். அதன் குறைகள் இரண்டு. சில மாடல்களுக்குள் நாளடைவில் நுண்ணிய நீர்த்துளிகள் சேர்ந்து மினுமினுக்கும்; மருத்துவர் விளக்கில் பளிச்சென்று தெரிந்தாலும் பெரும்பாலும் பார்வையைக் கெடுப்பதில்லை. இரண்டாவது பிரதிபலிப்பு. ஒளிவிலகல் எண் 1.55 உள்ள லென்ஸின் பரப்பு, 1.46 உள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழ 2.8 மடங்கு ஒளியைத் திருப்பி எறியும். சிலருக்கு ஓரத்தில் ஒளிக்கீற்று தெரிவதற்கும், போட்டோவில் கண் மின்னுவதற்கும் இது ஒரு காரணம்.

நீர் உறிஞ்சும் வகை வளைந்துகொடுக்கும், சின்ன வழியில் சுலபமாக நுழையும், பிரதிபலிப்பும் குறைவு. ஆனால் பின்னாளில் விழித்திரை ஆபரேஷனோ கருவிழி அடுக்கு மாற்றோ நடந்து கண்ணுக்குள் காற்று அல்லது வாயு ஏற்றினால் இந்த லென்ஸில் சுண்ணாம்பு படியலாம். படிந்தால் யாக் லேசர் உதவாது. லென்ஸையே எடுக்க வேண்டும். முற்றிய சர்க்கரை நோய் விழித்திரையோ கருவிழி உள்ளடுக்கு பலவீனமோ இருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. சிலிக்கோன் லென்ஸும் மடங்கும், ஆனால் பின்னாளில் விழித்திரைக்குச் சிலிக்கோன் எண்ணெய் ஏற்ற வேண்டி வந்தால் எண்ணெய் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும்; இப்போது அந்த லென்ஸைப் பற்றிப் பேசவேண்டிய தேவை குறைந்துவிட்டது.

மஞ்சள் நிற லென்ஸுக்குக் கூடுதல் காசு கேட்டால் யோசியுங்கள். நீல ஒளியைத் தடுத்து விழித்திரையைக் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே 2018-இல், பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. புற ஊதாவைத் தடுக்கும் சேர்மானம் நிறமில்லாத லென்ஸிலும் உண்டு.

<b>பேக்கோவா, தையலில்லாச் சிறு கீறலா?</b>

பேக்கோவில் வழி 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர். ஒலி அதிர்வில் புரையை உடைத்து உறிஞ்சி, மடக்கு லென்ஸை உள்ளே விடுவார்கள். சிறு கீறல் முறையில் வெண்படலத்தில் 6 மில்லிமீட்டருக்கும் மேல் சுரங்கம் போட்டு புரையை முழுதாக எடுப்பார்கள், தையல் தேவையில்லை. நேபாளத்தில் முற்றிய புரைகளை இரு முறையிலும் செய்து ஒப்பிட்டு 2007-இல் வந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து இரு முறையிலும் 98 சதவீதம் பேருக்குக் கண்ணாடியோடு 6/18 (நல்ல கண்ணுக்கு 18 மீட்டரில் தெரிவது 6 மீட்டரில் தெரிவது) அல்லது அதற்கு மேலான பார்வை. சிறு கீறல் விரைவாகவும் மலிவாகவும் முடிந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையைப் பெரும் எண்ணிக்கையில் செய்ய முடிந்ததற்குப் பின்னால், 1992-இல் அங்கேயே தொடங்கிய அரோலேப் தயாரித்த மலிவு பிஎம்எம்ஏ லென்ஸும் இருக்கிறது.

பாறையாக முற்றிய புரையை அதிக நேரம் உடைத்தால் கருவிழியின் உள்ளடுக்கு சேதமாகும். அங்கே சிறு கீறலே பாதுகாப்பு. 'பழைய முறை' என்று முகம் சுளிக்க வேண்டாம். அதன் குறை, சிலிண்டர் பவர் கொஞ்சம் கூடும். வயதானால் பொதுவாகவே கருவிழி படுக்கை வாக்கில் அதிகம் வளைந்திருக்கும். அதில் மேற்பக்கம் கீறினால் நிற்கும் வாக்கின் வளைவு தட்டையாகி சிலிண்டர் ஏறும். காதுப் பக்கம் கீறினால் இறங்கும். எந்தப் பக்கம் கீறுகிறார்கள் என்று கேட்பதற்குக் காசில்லை.

<b>கூடுதல் காசு எதற்குத் தகும்?</b>

கருவிழியில் 1.5 டயாப்டருக்கு மேல் சிலிண்டர் இருந்தால் அதைச் சேர்த்தே திருத்தும் டோரிக் லென்ஸுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. பட்டியலில் மேலேறுவதற்கு நியாயமான முதல் காரணம் இதுதான். ஆனால் அச்சு முக்கியம். ஒரு டிகிரி திரும்பினால் பலனில் 3.3 சதவீதம் போகும், 10 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, 30 டிகிரியில் முழுதும். படுத்தால் கண்ணே சில டிகிரி சுழலும் என்பதால், உட்கார வைத்தே கருவிழியில் மை குறி போட வேண்டும்.

பட்டியலின் உச்சியில் 'கண்ணாடியே வேண்டாம்' என்று வரும் பல குவிய லென்ஸ் ஒளியைப் பங்கு போடுகிறது. இரு குவிய வகையில் தூரத்துக்கு 41, கிட்டத்துக்கு 41, மிச்சம் 18 சதவீதம் எதற்கும் உதவாமல் சிதறும். ஒரு தூரத்தைக் கூர்மையாகப் பார்க்கும்போது மற்றக் குவியத்தின் ஒளி அதன்மேல் மங்கலாகப் படியும். எதிரே வரும் பேருந்தின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும், அந்தி வெளிச்சத்தில் கறுப்புக் குடைக்கும் கறுப்புச் சேலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதும் இதனால்தான். வயதோடு விழித்திரை நரம்புகளும் குறையும். சர்க்கரை நோய் விழித்திரை, கண்ணழுத்த நோய், மையப்பகுதித் தேய்வு இவற்றில் ஏதாவது இருந்தால், அல்லது தொடங்கும் அறிகுறி விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் தெரிந்தால், இந்த லென்ஸ் வேண்டாம். இரவில் வண்டி ஓட்டுபவருக்கும் வேண்டாம். விழித்திரை நன்றாக, சிலிண்டர் குறைவாக, கண்ணாடி அறவே பிடிக்காத, வளையங்களைப் பொறுத்துக்கொள்ளும் குணமுள்ளவருக்கு நன்றாக அமையும். இதில் அரை டயாப்டர் பிழைகூட உறுத்தும். எனவே நல்ல அளவீடு இல்லாத இடத்தில் இதை வாங்குவது வீண். குவிய ஆழம் நீட்டிய வகை நடுவழி: வளையம் பெரும்பாலும் குறைவு, பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படும்.

ஆபரேஷனில் உறை கிழிந்துவிட்டால் என்ன திட்டம் என்பதையும் கேளுங்கள். அப்போது லென்ஸை உறைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் வைப்பார்கள். அங்கே ஒரே துண்டாக வார்த்த அக்ரிலிக் லென்ஸ் வைத்தால் அதைத் தாங்கிப் பிடிக்கும் தடித்த கை கண்ணின் நிறத்திரையைத் தேய்த்து, நிறத்துகள் உதிர்ந்து, கண்ணழுத்தம் ஏறலாம். கைகள் தனியாகப் பொருத்திய மூன்று துண்டு லென்ஸ் தயாராக இருக்க வேண்டும். முன்னால் வருவதால் பவரையும் அரை முதல் 1 டயாப்டர் குறைக்க வேண்டும்.

<b>எப்போது செய்வது, இரண்டாவது கண் எப்போது?</b>

'முற்றட்டும்' என்று காத்திருப்பதில் லாபமில்லை. நாட்டிங்ஹாமில் 70 வயது தாண்டிய 306 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. முதல் கண்ணை உடனே செய்துகொண்டவர்கள் விழுவது, காத்திருந்தவர்களைவிட 34 சதவீதம் குறைவு. ஆபரேஷன் செய்தவர்களிடம் மறதி நோய் குறைவாக இருந்ததாக 2022-இல் சியாட்டிலிலிருந்து ஓர் ஆய்வும் வந்தது. அது கண்காணிப்பு ஆய்வு மட்டுமே. அதை நம்பி அவசரப்பட வேண்டாம். விழுவதைப் பற்றியது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்தது, அதை நம்பலாம். ஆபரேஷனுக்குப் பிறகு இரட்டைக் குவியக் கண்ணாடி போட்டுப் படி இறங்கும்போது, கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி விளிம்பு மங்கும். வெளியே நடக்கத் தூரக் கண்ணாடி தனியாக வைத்துக்கொள்வதே பத்திரம்.

ஒரு கண் மட்டும் முடிந்து, இரண்டுக்கும் பவர் 3 டயாப்டர் வித்தியாசம் ஆகிவிட்டால் கண்ணாடியில் ஈடுகட்ட முடியாது. படி இரண்டாகத் தெரியலாம். இரண்டாவதை அதிகம் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் முதல் கண்ணின் கண்ணாடிப் பவர் நிலைபெறும் வரை, நான்கு வாரமாவது, பொறுங்கள். ஏனென்றால் இரண்டாவது கண்ணுக்கான மிகச் சிறந்த தகவல் அப்போதுதான் கையில் இருக்கும். குறி பூஜ்யம், வந்தது மைனஸ் 1 என்றால், அந்தக் கண்ணில் லென்ஸ் எதிர்பார்த்ததைவிட முன்னால் உட்கார்ந்திருக்கலாம்; மறு கண்ணும் ஓரளவு அப்படியே நடக்கும். முழுப் பிழையையும் திருத்தினால் மறுபக்கம் தவறும், ஒன்றுமே திருத்தாவிட்டால் அதே பக்கம் தவறும். பாதியைத் திருத்துவதே நன்றாக வேலை செய்கிறது, இங்கே அரை டயாப்டர். முதல் ஆபரேஷனில் கொடுத்த லென்ஸ் ஸ்டிக்கரையும் பவர் சீட்டையும் பத்திரப்படுத்தி, இரண்டாவதுக்குப் போகும்போது மேசையில் எடுத்து வையுங்கள்.